67 கோல் அடித்தவர் ஏன் உலகக் கோப்பைக்குப் போகவில்லை? ஆர்ச்சி ஸ்டார்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

2012 மே மாதம் மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக அந்த சீசனில் 73 கோல் அடித்து முடித்தார். அப்போது புள்ளிவிவரக்காரர்கள் தோண்டி எடுத்த பெயர்களில் ஒன்று பலருக்கும் புதிது. கெர்ட் முல்லர் தெரியும், பெலே தெரியும். இந்த ஆர்ச்சி ஸ்டார்க் யார்? 1924-25இல் பெத்லஹேம் ஸ்டீல் என்ற அமெரிக்க அணிக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 70 கோல், அதில் லீக்கில் மட்டும் 67. அமெரிக்காவில் கால்பந்தா, அதுவும் 1925இலா என்று நானும்தான் புருவத்தை உயர்த்தினேன்.

அன்றைக்கு வந்த செய்திகள் எல்லாம் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டன. எனக்கு எண்ணைவிட ஆள்தான் சுவாரசியம். கிளாஸ்கோவில் பிறந்து, சிறுவனாகக் கப்பலேறி, அமெரிக்காவின் முதல் பெரிய தொழில்முறை லீகில் உச்சத்துக்குப் போனவர். 1930இல் முதல் உலகக் கோப்பைக்கு அழைப்பு வந்தபோது, வேண்டாம் என்று ஊரிலேயே இருந்துவிட்டார். அவர் அடித்த கோல்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த முடிவு புரியாது. ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று பார்த்தால் புரியும்.

நூலும் லினோலியமும்

ஸ்டார்க் பிறந்தது 1897 டிசம்பர் 21. 1910 வாக்கில் குடும்பம் அமெரிக்கா வந்து, நியூ ஜெர்சியில் கார்னி என்ற ஊரில் குடியேறியது. ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படித்தால் ‘கியர்னி’ என்று வரும். ஊர்க்காரர்கள் சொல்வது கார்னி. பசேயிக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கார்னி, அந்தப் பக்கம் நியூவார்க்.

ஏன் கார்னி? ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரைச் சேர்ந்த கிளார்க் குடும்பம் அங்கே நூல் ஆலை வைத்திருந்தது. கிர்க்கால்டியைச் சேர்ந்த நெய்ர்ன் நிறுவனம் 1880களில் லினோலியம் என்ற தரைவிரிப்பு செய்யும் தொழிற்சாலை தொடங்கியது. வேலை தெரிந்த ஆட்களை ஊரிலிருந்தே வரவழைத்தார்கள். ஆட்களோடு பந்தும் வந்தது. கிளார்க் ஆலையின் ஓ.என்.டி. அணிதான் 1885, 1886, 1887 என்று அமெரிக்கன் கப்பின் முதல் மூன்று பட்டங்களையும் தூக்கியது. ஓ.என்.டி. என்பது அந்த நூலின் வணிகப் பெயர். நூல்கண்டு விளம்பரமே அணியின் பெயர்.

அதனால் கிளாஸ்கோவிலிருந்து வந்த பையன் கார்னியில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தெருவில் கேட்ட பேச்சும் அதே, மைதானத்தில் ஆடிய ஆட்டமும் அதே. உள்ளூர் இளைஞர் அணியில் தொடங்கி, ஸ்காட்டிஷ் அமெரிக்கன்ஸ் அணிக்கு வந்தார். 1915இல் அந்த அணி புரூக்ளின் செல்டிக்கை 1-0 என்று வீழ்த்தி அமெரிக்கன் கப்பை வென்றது. அந்த ஒரே கோல் 17 வயது ஸ்டார்க்குடையது.

அடுத்தது பயோன் ஊரின் பாப்காக் அண்ட் வில்காக்ஸ். இது கொதிகலன் செய்யும் நிறுவனத்தின் அணி. பிறகு முதல் உலகப் போர், அமெரிக்க ராணுவத்தில் பிரான்ஸ். திரும்பி வந்து பேட்டர்சன் அணி. தேசியக் கோப்பையான நேஷனல் சேலஞ்ச் கப்பின் 1919 இறுதிப் போட்டியில் பேட்டர்சனை வென்றது பெத்லஹேம் ஸ்டீல். அதே கோடையில் சுவீடனுக்கும் டென்மார்க்குக்கும் சுற்றுப்பயணம் கிளம்பிய பெத்லஹேம், ஸ்டார்க்கை விருந்தினர் ஆட்டக்காரராகக் கூட்டிக்கொண்டு போனது. எதிரணியில் கண்ணில் பட்டவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அவரை முழுதாக வாங்க பெத்லஹேமுக்கு இன்னும் 5 வருடம் பிடித்தது.

எஃகு ஆலையின் அணி

பென்சில்வேனியாவின் பெத்லஹேம் ஊரையே எஃகு ஆலையின் நிழலில் வளர்ந்தது என்று சொல்லலாம். அங்கே வேலை செய்த பிரிட்டிஷ் தொழிலாளிகள் பொழுதுபோக்குக்குத் தொடங்கிய அணியை, நிறுவனத் தலைவர் சார்ல்ஸ் ஷ்வாப் தன் பணத்தால் வளர்த்தார். நல்ல மைதானம், பார்வையாளர் மாடம், ஸ்காட்லாந்திலிருந்து ஆட்கள். ஆட வருகிறவருக்கு ஆலையில் ஒரு வேலையும் இருக்கும். 1915, 1916, 1918, 1919 என்று நேஷனல் சேலஞ்ச் கப் அவர்கள் கைக்கு வந்தது. இப்போது யு.எஸ். ஓபன் கப் என்று நடப்பது அதே கோப்பைதான்.

ஒரே ஒரு குறை. பார்க்க ஆள் வரவில்லை. நாட்டின் சிறந்த அணி, ஆனால் ஊர் சின்னது. 1921இல் அமெரிக்கன் சாக்கர் லீக் தொடங்கியபோது, கூட்டம் கிடைக்கும் என்று அணியைப் பிலடெல்பியாவுக்கு மாற்றி, பிலடெல்பியா ஃபீல்ட் கிளப் என்று பெயர் வைத்தார்கள். முதல் வருடமே சாம்பியன். கூட்டம் அங்கேயும் வரவில்லை. அடுத்த வருடம் மூட்டை முடிச்சோடு பெத்லஹேமுக்கே திரும்பிவிட்டார்கள். டிக்கெட் காசை நம்பி ஓடிய அணி இல்லை இது. ஆலை முதலாளிகள் மனம் வைத்ததால் ஓடிய அணி. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர்.

அந்த லீகின் அணிப் பெயர்களைப் படித்தாலே நிலவரம் விளங்கும். 1924-25இல் இருந்த 12 அணிகளில் ஜே அண்ட் பி கோட்ஸ் நூல் நிறுவனம், ஃபிளைஷர் கம்பளி நூல் நிறுவனம், இண்டியானா ஃப்ளோரிங் தரைப்பலகை நிறுவனம், பெத்லஹேம் எஃகு. பாக்கி அணிகளில் ஃபால் ரிவர் மார்க்ஸ்மென் தனி ரகம். அதன் முதலாளி சாம் மார்க். அணியின் பெயரிலும் அவரே இருக்கிறார். ஃபால் ரிவர் ஊர் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்குச் சட்டத் தொல்லை இருந்தது. அவர் என்ன செய்தார்? மாநில எல்லையைத் தாண்டி ரோட் ஐலண்டு மண்ணில் மைதானத்தைக் கட்டிவிட்டார். ஊர் ஒரு மாநிலம், மைதானம் இன்னொரு மாநிலம்.

பென்சில்வேனியாவிலும் ஞாயிறு ஆட்டத்துக்குத் தடைதான். அதனால் பெத்லஹேம் ஆட்டக்காரருக்கு வார இறுதி இப்படி ஆகிவிடும்: சனிக்கிழமை சொந்த ஊரில் ஓர் ஆட்டம், அப்புறம் ரயில், ஞாயிறு நியூயார்க் பக்கமோ நியூ இங்கிலாந்து பக்கமோ இன்னொரு ஆட்டம். மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே அநேகமாக இல்லாத காலம். 44 ஆட்டம் கொண்ட சீசனைப் பனிக்காலத்தின் நடுவே இப்படித்தான் ஓட்டினார்கள்.

ஒரு காலி இடம்

லீகின் முதல் மூன்று வருடம் ஸ்டார்க் நியூயார்க் ஃபீல்ட் கிளப்பில் இருந்தார். பெரும்பாலும் விங்கில், அதாவது ஓரத்தில். நன்றாக ஆடினார், கோலும் அடித்தார். ஆனாலும் இவர்தான் நாளைக்கு உலக சாதனை படைப்பார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

1923-24இல் பெத்லஹேமின் முன்வரிசையில் ஜாக்சன் சகோதரர்கள் இருவர் ஆடினார்கள். நடுவில் வால்டர், ஓரத்தில் அலெக்ஸ். சீசன் முடிந்ததும் இருவரும் ஸ்காட்லாந்து திரும்பி அபர்டீனில் சேர்ந்தார்கள். அலெக்ஸ் அதற்கப்புறம் ஹடர்ஸ்ஃபீல்ட் போய், 1928இல் வெம்பிளியில் இங்கிலாந்தை 5-1 என்று ஸ்காட்லாந்து நொறுக்கிய நாளில் மூன்று கோல் அடித்தார். அப்படிப்பட்டவர் இருபது வயதுகூட நிரம்பாமல் பெத்லஹேமில் ஒரு சீசன் ஆடிவிட்டுப் போயிருக்கிறார். இந்த லீகைச் சாதாரணமாக எடைபோடுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பெயரைத்தான்.

வால்டர் போனதால் நடு முன்கள இடம் காலி. பெத்லஹேம் ஸ்டார்க்கைக் கூட்டிவந்து அங்கே நிறுத்தியது. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வருகிறவர் எப்போது வேண்டுமானாலும் கப்பலேறித் திரும்பிவிடலாம், திரும்பியும் போனார்கள். ஸ்டார்க்குக்குத் திரும்ப வேண்டிய ஊர் கார்னிதான். பயிற்சி ஸ்காட்லாந்து ரகம், வேர் நியூ ஜெர்சியில். ஓர் அணி நிர்வாகிக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

67ஐ எப்படி எடைபோடுவது?

சரி, எண்ணுக்கு வருவோம். 67 கோல், 44 ஆட்ட சீசன். சராசரியாக ஆட்டத்துக்கு ஒன்றரைக்கு மேல். இங்கிலாந்தின் உச்ச லீகில் டிக்சி டீன் 1927-28இல் எவர்ட்டனுக்காக 39 ஆட்டங்களில் அடித்த 60 இன்னும் முறியடிக்கப்படவில்லை. அவர் சராசரியும் ஒன்றரைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ‘அமெரிக்க லீக் அவ்வளவு வலுவில்லை’ என்று ஸ்டார்க்கின் எண்ணைத் தள்ளுபடி செய்வது வழக்கம்.

தள்ளுபடி செய்வதானால் எதிர்ப்பக்கக் கணக்கையும் போட வேண்டும். அது ஆஃப்சைடு விதி.

1925 வரை விதி இப்படி: பந்து கொடுக்கப்படும் நொடியில் உங்களுக்கும் எதிரணிக் கோல் கோட்டுக்கும் இடையே எதிராளிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைடு, பந்து எதிரணிக்குப் போய்விடும். கோல்கீப்பரைக் கழித்தால் இரண்டு தடுப்பாளர்கள். இப்போது அந்த இரண்டு தடுப்பாளர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் பின்னால் காவலுக்கு நிற்கிறார். இன்னொருவர் சரியான நேரத்தில் நான்கு எட்டு முன்னால் நடந்து வருகிறார், அவ்வளவுதான். முன்கள ஆள் ஆஃப்சைடு. தந்திரம் தவறிப்போனாலும் பின்னால் நிற்பவர் இருக்கிறார், கோல்கீப்பரும் இருக்கிறார். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இதை ஒரு கலையாகவே செய்து, ஊர் ஊராகப் பார்வையாளர்களிடம் திட்டு வாங்கினார். ஆட்டம் நடுக்கோட்டைச் சுற்றியே சிக்கி நின்றது.

1925 கோடையில் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்து முதல் டிவிஷனில் 1924-25இல் விழுந்த கோல் 1,192. அதே எண்ணிக்கை ஆட்டங்களில் 1925-26இல் 1,703. டீனின் 60 இந்தத் தளர்ந்த விதியில் வந்தது. ஸ்டார்க்கின் 67 விதி மாறுவதற்கு முந்தைய சீசனில், அடைத்துப் பூட்டிய விதிக்குள் வந்தது.

இதனால் ஸ்டார்க் டீனைவிடப் பெரியவர் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கத் தடுப்பாளர்களில் மெக்ராக்கன் அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் லீக் வலுவில்லை என்ற ஒரே வரியில் அந்த எண்ணை மூடிவிட முடியாது. டேவி பிரவுன் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக 1926-27இல், அதாவது எளிதான விதியில், 52 அடித்தார். அவரும் கார்னி வட்டாரத்துப் பையன்தான். லீக் நடந்த காலம் முழுக்க 67ஐ ஒருவரும் தொடவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. விதி முன்கள ஆட்டக்காரர்களுக்குச் சாதகமாக மாறிய அடுத்த சீசனில் ஸ்டார்க்கின் எண்ணிக்கை 43. கூட வேண்டியது குறைந்திருக்கிறது! என் ஊகம் இது: 67 அடித்தவரை அடுத்த வருடம் எல்லா அணியும் ஆள் வைத்துக் கவனித்திருக்கும். பிரிட்டனிலிருந்து ஆட்கள் வரவர லீகின் தரமும் ஏறிக்கொண்டே போனது. அமெரிக்க டாலர் தங்கள் ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போகிறது என்று ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் அலறிய காலம் அது. 1924ஆம் வருடக் குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவுக்குக் கதவைச் சாத்தினாலும் பிரிட்டனுக்குத் தாராளமாகவே ஒதுக்கியிருந்தது. ஆலை முதலாளிகளுக்கு வசதியாகப் போயிற்று.

அந்த 67க்குப் பிறகும் பெத்லஹேமுக்கு லீக் பட்டம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் சாம் மார்க்கின் ஃபால் ரிவருக்கு. தேசியக் கோப்பையில் ஸ்டார்க் அந்த வருடம் ஆடவே இல்லை, ஏனென்றால் தேசியக் கால்பந்துச் சங்கத்தோடு பணத் தகராறில் லீக் அணிகள் கோப்பையைப் புறக்கணித்திருந்தன. இந்தத் தகராறை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இரண்டே இரண்டு முறை

அமெரிக்க தேசிய அணிக்காக ஸ்டார்க் ஆடியது மொத்தம் இரண்டு ஆட்டம். இரண்டும் 1925இல், இரண்டும் கனடாவோடு. ஜூனில் மான்ட்ரியலில் 0-1 தோல்வி. நவம்பரில் புரூக்ளினில் 6-1 வெற்றி. அந்த ஆறில் பாதிக்கு மேல் ஸ்டார்க்குடையது. இன்றைய கணக்கில் பார்த்தால் அநியாயமாகத் தெரியும். அன்றைக்கு அமெரிக்க அணிக்கு ஒலிம்பிக்ஸ் தவிர ஆட்டமே ஏறக்குறைய இல்லை, ஒலிம்பிக்ஸிலோ தொழில்முறை ஆட்டக்காரருக்கு இடமில்லை.

அவருடைய பெரிய மேடை கிளப் ஆட்டங்கள்தான். 1926 ஏப்ரலில் நேஷனல் சேலஞ்ச் கப் இறுதிப் போட்டி, புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட். எதிரே செயின்ட் லூயிஸின் பென் மில்லர்ஸ், உள்ளூரில் பிறந்த பையன்களை வைத்தே வளர்ந்த அணி. இந்தப் பக்கம் பெத்லஹேமின் ஸ்காட்லாந்துப் படை. 7-2 என்று முடிந்தது, ஸ்டார்க்குக்கு ஹாட்ரிக். அடுத்த மாதமே வியன்னாவின் ஹாக்கோவா அணி நியூயார்க் வந்து ஆடியதைப் பார்க்க போலோ கிரவுண்ட்ஸில் 46,000 பேர் கூடினார்கள். அந்த வசந்தத்தில் யாராவது வந்து, இந்த லீக் இன்னும் 7 வருடத்தில் இருக்காது என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 1926-27 லீக் பட்டமும் பெத்லஹேமுக்கு வந்தது.

சண்டை

1928இல் பழைய தகராறு வெடித்தது. சீசனின் நடுவில் கோப்பை ஆட்டங்கள் குறுக்கிடுகின்றன, அதனால் நஷ்டம் என்று லீக் நிர்வாகம் தன் அணிகளைக் கோப்பையிலிருந்து விலகச் சொன்னது. மூன்று அணிகள் மறுத்தன: நியூயார்க் ஜயன்ட்ஸ், நியூவார்க் ஸ்கீட்டர்ஸ், பெத்லஹேம் ஸ்டீல். லீக் மூன்றையும் இடைநீக்கம் செய்தது. தேசியச் சங்கம் பதிலுக்கு லீகையே சட்டவிரோதம் என்றது, ஃபிஃபா சங்கத்தின் பக்கம் நின்றது. மூன்று அணிகளையும் வைத்து ஈஸ்டர்ன் லீக் என்று ஒன்று முளைத்தது.

அப்போது ஸ்டார்க்குக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. சமமான எதிரணிகளோடு மோத வேண்டிய கடைசி நல்ல வருடங்களில் ஒன்றை, அவசரமாகக் கூட்டிய லீகில் ஆடிக் கழித்தார். பெத்லஹேம் அதில் சுலபமாக முதலிடம் பிடித்தது. 1929 இலையுதிர் காலத்தில் சமரசம் ஆயிற்று. அதே இலையுதிர் காலத்தில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது.

டிக்கெட் காசில் ஓடாத அணிக்குப் பொருளாதார மந்தத்தில் என்ன ஆகும்? நிறுவனத்துக்குள் கால்பந்துக்கு ஆதரவாக நின்ற அதிகாரி எட்கர் லூயிஸும் விலகிப் போனார். 1930 வசந்தத்தோடு பெத்லஹேம் ஸ்டீல் அணி கலைந்தது. நாட்டின் மிகச் சிறந்த அணி என்று பேரெடுத்தது, 5 தேசியக் கோப்பை. ஒரு செலவுத் தலைப்பை அடிப்பதுபோல அடித்துவிட்டார்கள்.

1930: ஒரு மறுப்பு

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். 1930 ஜூன் 13 அன்று அமெரிக்க அணி முனார்கோ கப்பலில் ஹோபோக்கன் துறையிலிருந்து உருகுவேக்குக் கிளம்பியது. கார்னியிலிருந்து ஹோபோக்கன் கூப்பிடு தூரம். ஸ்டார்க் ஏறவில்லை. அழைப்பு வந்தும், அப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருந்த தொழிலை விட்டுவிட்டு வர முடியாது என்று மறுத்துவிட்டார்.

இதைப் பெரிய இழப்பு என்று எழுதுவது சுலபம். அவர் இடத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 32 வயது. சம்பளம் கொடுத்த அணி அந்த வசந்தத்தில்தான் மூடியிருக்கிறது. உலகக் கோப்பை என்ற ஒன்று அதுவரை நடந்ததே இல்லை. அதற்கு என்ன மதிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. கடல் பயணம், ஆட்டங்கள், பிறகு தென் அமெரிக்காவில் கூடுதல் பயணம் என்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு மாதத்தில் கடையைத் திறந்து வைப்பது யார்? பதினைந்து வருடமாக ஆலைகளும் ராணுவமும் லீக் நிர்வாகமும் அவர் எங்கே ஆட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தன. முதல் தடவையாகத் தன் பிழைப்பு தன் கையில் இருந்தது. நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

அணி அவரில்லாமலும் நன்றாகவே ஆடியது. பெல்ஜியம் 3-0, பராகுவே 3-0. ஃபால் ரிவர் பையன் பெர்ட் பேட்டனாட் உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை அடித்தார். அரையிறுதியில் அர்ஜென்டினா 6-1 என்று மடக்கியது. அந்த அணியில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் ஐந்து பேர், இங்கிலாந்தில் பிறந்தவர் ஒருவர்.

வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் ஆகஸ்டில் ஃபால் ரிவர் அணி மத்திய ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது ஸ்டார்க் கூடப் போனார். ஆக, ஆடும் ஆசை போய்விடவில்லை. பிறகு நியூவார்க் அமெரிக்கன்ஸ் அணியில் கொஞ்ச காலம். லீகும் 1933இல் முடிந்துபோனது.

1950இல் அமெரிக்கக் கால்பந்துக்கு ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது, முதல் தொகுதியிலேயே அவர் பெயர் வந்தது. அதே 1950இல்தான் அமெரிக்கா உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்தியது. அதன் பிறகு அடுத்த உலகக் கோப்பை ஆட 40 வருடம் ஆனது.

ஸ்டார்க் 1985 மே மாதம் கார்னியிலேயே காலமானார். பெத்லஹேம் ஆலையில் 1995இல் எஃகு உருக்குவது நின்றது, 2001இல் நிறுவனம் திவால். பிலடெல்பியா யூனியன் கிளப் தன் இரண்டாம் அணிக்கு பெத்லஹேம் ஸ்டீல் என்று பெயர் வைத்துச் சில வருடம் ஓட்டியது. 2019க்குப் பிறகு அந்தப் பெயரும் போயிற்று.

1990இல் இத்தாலி உலகக் கோப்பைக்கு அமெரிக்கா ஒருவழியாகத் தகுதி பெற்றது. அணியில் மூன்று பேர் கார்னியிலும் பக்கத்து ஊர் ஹாரிசனிலும் வளர்ந்தவர்கள். கோல்கீப்பர் டோனி மியோலா, இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. ஜான் ஹார்க்ஸ், ஸ்காட்லாந்துக்காரர் மகன். மூன்றாமவர் டாப் ராமோஸ், பதினொரு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். அவர் பிறந்த ஊர் மான்டிவிடியோ, 1930இல் ஸ்டார்க் போகாமல் விட்ட அதே உருகுவேத் தலைநகர்.